அப்பா கொல்லப்பட்ட 2 நாளில் ஆட்டம்.. ஜோர்டானின் குத்து.. 9 சாம்பியன் பட்டம்! யார் இந்த ஸ்டீவ் கெர்?

நெட்ஃபிளிக்ஸில் வந்த 'தி லாஸ்ட் டான்ஸ்' தொடரைப் பார்த்தவர்களுக்கு அந்த முகம் நினைவிருக்கும். மைக்கேல் ஜோர்டான், ஸ்காட்டி பிப்பன், டென்னிஸ் ராட்மேன் என்று மலை மாதிரி நிற்கும் ஆட்களுக்கு நடுவே, பேங்க் வேலைக்குப் போகிறவர் போல ஒரு ஒல்லியான மனிதர். வேகம் சுமார். தாவுவதும் சுமார். ஆனால் பந்தைக் கையில் கொடுத்து தூரத்தில் நிற்க வைத்தால் கூடைக்குள் போடுவார்.

அவர்தான் ஸ்டீவ் கெர். வீரராக 5, பயிற்சியாளராக 4 என மொத்தம் 9 என்பிஏ சாம்பியன் பட்டங்களை வென்றவர். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியை உச்சிக்குக் கொண்டு போனவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க ஆண்கள் அணிக்குத் தங்கம் வாங்கித் தந்த கோச்.

இவ்வளவு பெரிய ஆளை ஒரு காலத்தில் எந்தக் கல்லூரியும் சீந்தவில்லை என்றால் நம்ப முடிகிறதா?

பெய்ரூட்டில் பிறந்த அமெரிக்கர்

ஸ்டீவ் கெர் பிறந்தது அமெரிக்காவில் இல்லை. 1965 செப்டம்பர் 27-ம் தேதி, லெபனான் தலைநகர் பெய்ரூட்டில் பிறந்தார். அந்தக் குடும்பத்துக்கும் மேற்கு ஆசியாவுக்கும் இருக்கும் தொடர்பு ரொம்பப் பழையது. தாத்தா ஸ்டான்லி கெர், முதல் உலகப்போருக்குப் பிறகு ஆர்மீனிய அகதிகளையும் அநாதைக் குழந்தைகளையும் காப்பாற்றும் நிவாரணப் பணிக்காக அந்தப் பக்கம் போனவர். பிறகு பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகிவிட்டார்.

அப்பா மால்கம் கெர், அரபு நாடுகளின் அரசியலை ஆராய்ந்த பேராசிரியர். அவர் எழுதிய 'தி அராப் கோல்ட் வார்' என்ற புத்தகம் அந்தத் துறையில் முக்கியமானது. அப்பாவின் வேலை காரணமாக ஸ்டீவின் சிறுவயது பெய்ரூட், கெய்ரோ, லாஸ் ஏஞ்சல்ஸ் என்று மாறி மாறிக் கழிந்தது.

1982-ல் மால்கம் கெர் அதே பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். லெபனானில் உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த நேரம் அது. அவருக்கு முன்பு அந்தப் பொறுப்பில் இருந்த டேவிட் டாட்ஜ் கடத்தப்பட்டிருந்தார். ஆபத்து என்று தெரிந்தேதான் மால்கம் போனார்.

அந்தப் பக்கம் மகனுக்கு வேறு கவலை. லாஸ் ஏஞ்சல்ஸில் பள்ளிப் படிப்பு முடிந்தும் பெரிய கல்லூரி அணி எதுவும் அவரைக் கூப்பிடவில்லை.

கல்லூரி பேஸ்கெட்பாலுக்கு ஏன் இவ்வளவு மவுசு?

இங்கே ஒரு சின்ன விளக்கம். நம்ம ஊரில் கல்லூரி அணிகள் மோதினால், பார்க்க வருவது அந்தக் கல்லூரி மாணவர்கள்தான். அமெரிக்காவில் கதையே வேற. பல்லாயிரம் பேர் உட்காரும் அரங்கு, நேரலை டிவி, மார்ச் மாதம் வந்தால் நாடே பேசும் தேசியத் தொடர் என்று கல்லூரி கூடைப்பந்து தனி உலகம்.

என்பிஏவுக்குள் போக அந்தக் காலத்தில் அதுதான் பிரதான வழியும்கூட. ஐபிஎல் மாதிரி ஏலம் கிடையாது. 'டிராஃப்ட்' என்ற முறையில் ஒவ்வொரு அணியும் வரிசைப்படி ஒரு இளம் வீரரைத் தேர்ந்தெடுக்கும். கல்லூரியில் பெயர் வாங்காதவருக்கு அங்கே இடம் கிடைப்பது கஷ்டம்.

கல்லூரிகள் திறமையான பள்ளி மாணவர்களைத் தேடிப்போய், உதவித்தொகை தந்து சேர்த்துக்கொள்ளும். 1983-ல் அரிசோனா பல்கலைக்கழக அணிக்குப் புதிதாக வந்த கோச் லூட் ஓல்சன், கடைசி நேரத்தில் கையில் மிச்சம் இருந்த உதவித்தொகையை ஸ்டீவுக்குக் கொடுத்தார். அரிசோனா அப்போது ஒன்றும் பெரிய அணி இல்லை. முந்தைய சீசனில் 28 ஆட்டங்களில் ஜெயித்தது வெறும் 4. வேறு வழியில்லாத அணியும் வேறு வழியில்லாத பையனும் சேர்ந்தார்கள், அவ்வளவுதான்.

1984 ஜனவரி 18

கல்லூரியில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருக்கும். ஸ்டீவுக்கு வயது 18. நள்ளிரவு தாண்டிய நேரத்தில் விடுதி அறைக்கு ஒரு போன் வந்தது.

பெய்ரூட்டில், பல்கலைக்கழக வளாகத்திலேயே, தன் அலுவலகத்துக்கு வெளியே மால்கம் கெர் தலையில் சுடப்பட்டு இறந்துவிட்டார். அவருக்கு வயது 52. இஸ்லாமிக் ஜிஹாத் என்ற பெயரில் கொலைக்குப் பொறுப்பேற்றுக்கொண்டார்கள். இந்தக் கொலைக்கு ஈரான் அரசு பொறுப்பு என்று கெர் குடும்பம் அமெரிக்காவில் வழக்குப் போட்டது. அந்த வழக்கில் குடும்பத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது 2003-ல். 19 வருஷம் கழித்து.

அப்பா இறந்த இரண்டாவது நாள் அரிசோனா ஸ்டேட் அணியுடன் ஆட்டம். ஆடுகிறேன் என்றார் ஸ்டீவ். ஆட்டத்துக்கு முன் மௌன அஞ்சலி. அந்த ஒரு நிமிடத்தில் உடைந்து அழுதார். பிறகு மாற்று வீரராக உள்ளே வந்து எறிந்த முதல் பந்தே கூடைக்குள் விழுந்தது. அன்று 12 புள்ளிகள். பலம் குறைந்த அரிசோனா 71-49 என்று ஜெயித்தது.

தைரியசாலி என்று சொல்லிவிட்டுக் கடந்து போவது சுலபம். ஆனால் 18 வயதில், குடும்பம் உலகின் பல மூலைகளில் இருக்கும்போது, அந்தப் பையனுக்குத் தெரிந்த இடம் கூடைப்பந்து மைதானம் ஒன்றுதான். அழுவதற்கும் அவருக்கு அதே இடம்தான் இருந்தது. அதன் பிறகு உள்ளூர் மைதானத்தில் அவர் கூடை போடும்போதெல்லாம் அறிவிப்பாளர் 'ஸ்டீஈஈவ் கெர்ர்ர்' என்று இழுத்துச் சொல்வதும், மொத்தக் கூட்டமும் அதைத் திருப்பிச் சொல்வதும் வழக்கமாகிவிட்டது.

முழங்கால் போனது, கோடு வந்தது

1986-ல் ஸ்பெயினில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் கல்லூரி வீரர்களைக் கொண்ட அமெரிக்க அணி தங்கம் வென்றது. அதில் ஸ்டீவும் உண்டு. ஆனால் பிரேசிலுடனான அரையிறுதியில் அவரது முழங்கால் தசைநார் கிழிந்தது. 1986-87 சீசன் முழுக்க ஆட முடியவில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தூரத்திலிருந்து போட்டால் 3 புள்ளி என்ற 'த்ரீ-பாயிண்டர்' விதி, என்பிஏவில் 1979 முதலே இருந்தாலும், அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்கள் அனைத்துக்கும் வந்தது சரியாக அந்த 1986-87 சீசனில்தான். இவருக்காகவே போட்ட மாதிரி ஒரு விதி. அது வந்த வருஷம் இவர் பெஞ்சில்!

அடுத்த சீசனில் அதற்கும் சேர்த்து வைத்து ஆடினார். 199 த்ரீ-பாயிண்டர் முயற்சிகளில் 114 உள்ளே போனது. அதாவது 57.3 சதவீதம். 40 சதவீதம் போட்டாலே நல்ல ஷூட்டர் என்று சொல்லும் ஆட்டம் இது.

அந்த சீசனில்தான் இன்னொரு சம்பவமும் நடந்தது. எதிரணியான அரிசோனா ஸ்டேட் மைதானத்தில் வார்ம்-அப் செய்துகொண்டிருந்தபோது, பார்வையாளர்களில் சிலர் 'பிஎல்ஓ, பிஎல்ஓ' என்று கத்தினார்கள். பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் பெயர் அது. அப்பாவை இழுத்துக் கேலியும் செய்தார்கள். ஸ்டீவ் பந்தைக் கீழே போட்டுவிட்டு, உடம்பு நடுங்க, பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ஆட்டம் தொடங்கியது. முதல் பாதியிலேயே 6 த்ரீ-பாயிண்டர்.

அந்த வருஷம் அரிசோனா தேசியத் தொடரின் கடைசி நான்கு அணிகளில் ஒன்றானது. 4 ஆட்டம் ஜெயித்துக்கொண்டிருந்த அணி, ஐந்தே வருஷத்தில்! ஆனால் அரையிறுதியில் ஓக்லஹோமாவிடம் தோற்றது. சீசன் முழுக்கக் குறி தப்பாத ஸ்டீவ், அன்று 13 முறை எறிந்து 2 மட்டுமே போட்டார். அந்த ஆட்டம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை என்று பின்னாளில் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

ஜோர்டான் ஏன் அடித்தார்?

1988 டிராஃப்டில் 50-வது ஆளாக ஸ்டீவைத் தேர்ந்தெடுத்தது ஃபீனிக்ஸ் சன்ஸ். அங்கிருந்து கிளீவ்லாந்து, ஒர்லாண்டோ என்று சுற்றி, 1993-ல் சிகாகோ புல்ஸ் வந்து சேர்ந்தார்.

பேஸ்பால் ஆடப் போயிருந்த ஜோர்டான் 1995-ல் திரும்பி வந்தார். அந்த வருஷப் பயிற்சி முகாமில் ஜோர்டான் எல்லோரையும் வார்த்தையால் குத்திக்கொண்டே இருந்தார். ஸ்டீவ் பதிலுக்குப் பேசினார். தள்ளுமுள்ளு ஆனது. ஜோர்டான் விட்ட குத்தில் ஸ்டீவின் கண் கறுத்துப் போனது. கோச் ஃபில் ஜாக்சன், உலகின் மிகப்பெரிய நட்சத்திரத்தைப் பயிற்சியிலிருந்து வெளியே அனுப்பினார்.

அன்றே ஜோர்டான் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். அந்தச் சண்டைக்குப் பிறகுதான் ஜோர்டான் தன்னை நம்பத் தொடங்கினார் என்பது ஸ்டீவின் கருத்து.

இருவருக்கும் இன்னொரு ஒற்றுமை உண்டு. ஜோர்டானின் அப்பாவும் 1993-ல் சுட்டுக் கொல்லப்பட்டவர். ஆனால் இத்தனை வருஷத்தில் தாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை என்று அந்த நெட்ஃபிளிக்ஸ் தொடரில் ஸ்டீவ் சொல்லியிருக்கிறார்.

நம்பிக்கைக்கான பரீட்சை 1997 ஜூன் 13 அன்று வந்தது. யூட்டா ஜாஸுக்கு எதிரான இறுதிச்சுற்று, 6-வது ஆட்டம், 86-86 சமநிலை. எல்லோரும் ஜோர்டானைச் சுற்றி வளைக்க, அவர் பந்தை ஸ்டீவிடம் தட்டிவிட்டார். 5 விநாடி மிச்சம் இருக்கும்போது பந்து கூடைக்குள். புல்ஸ் சாம்பியன்.

புல்ஸுடன் 1996, 97, 98 பட்டங்கள். சான் அன்டோனியோ ஸ்பர்ஸுக்குப் போய் 1999-ல் ஒன்று. தொடர்ந்து நான்கு வருஷம்! 1960-களின் பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்குப் பிறகு வேறு எந்த வீரருக்கும் அது அமையவில்லை. 2003-ல் ஐந்தாவது பட்டத்துடன் ஓய்வு பெற்றார். அந்த வருஷம் டல்லாஸுக்கு எதிரான ஆட்டத்தில், பெஞ்சிலிருந்து எழுந்து வந்த 37 வயது ஸ்டீவ் 4 த்ரீ-பாயிண்டர் போட்டு ஆட்டத்தைப் புரட்டியதை ஸ்பர்ஸ் ரசிகர்கள் இன்னும் பேசுவார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு அவரை சூப்பர் ஸ்டார் வீரர் என்று நினைத்துவிட வேண்டாம். ஆடிய 910 லீக் ஆட்டங்களில், தொடக்க ஐவரில் ஒருவராக இறங்கியது 30-ல் மட்டும். சராசரி 6 புள்ளி. ஆனால் த்ரீ-பாயிண்டரில் 45.4 சதவீதம் என்ற அவரது ஒட்டுமொத்த விகிதம்தான் என்பிஏ சாதனை. 1994-95 சீசனில் 52.4 சதவீதம் போட்டதும் அப்போதைய சாதனை. அந்த சீசனில் என்பிஏ அந்தக் கோட்டைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பெஞ்சில் உட்கார்ந்து கற்றது

30 ஆட்டம் போக மீதி 880-ல் அவர் என்ன செய்தார்? உட்கார்ந்து பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்கள் யார் என்று பாருங்கள். கல்லூரியில் லூட் ஓல்சன், சிகாகோவில் ஃபில் ஜாக்சன், சான் அன்டோனியோவில் கிரெக் பாப்போவிச். இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது.

ஆனாலும் நேரடியாகக் கோச் ஆகவில்லை. டிவி வர்ணனையாளராக இருந்தார். 2007 முதல் 2010 வரை ஃபீனிக்ஸ் சன்ஸின் பொது மேலாளர். அங்கே ஓட்டமும் வேகமுமாக ஆடிய அணியில், கனத்த உடம்புக்காரரான ஷகீல் ஓ'நீலைக் கொண்டுவந்து சேர்த்தார். அது சரிப்படவில்லை. மைக் டி'அன்டோனி கோச் பதவியை விட்டுப் போனார். அந்த வேலையில் ஸ்டீவ் வாங்கியது நல்ல பெயர் என்று சொல்ல முடியாது.

2014-ல் இரண்டு வாய்ப்புகள் வந்தன. ஒன்று, தன் குருநாதர் ஃபில் ஜாக்சன் நிர்வகித்த நியூயார்க் நிக்ஸ். இன்னொன்று வாரியர்ஸ். குருநாதருக்கு 'இல்லை' என்று சொல்லிவிட்டு கலிஃபோர்னியா போனார். அதற்கு முன் ஒரு ஆட்டத்துக்குக்கூட அவர் கோச்சாக இருந்ததில்லை.

வாரியர்ஸில் என்ன மாற்றினார்?

வாரியர்ஸ் மோசமான அணி இல்லை. முந்தைய சீசனில் 51 வெற்றி. ஸ்டீஃபன் கரி, கிளே தாம்ப்சன், டிரேமண்ட் கிரீன் எல்லோரும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். ஆனால் ஒரு கணக்கு ஸ்டீவின் கண்ணில் பட்டது. ஒரு ஆட்டத்துக்கு எத்தனை முறை பாஸ் செய்கிறார்கள் என்ற பட்டியலில் அந்த அணி கடைசி இடம், சுமார் 247. அதை 300 ஆக்க வேண்டும் என்றார்.

பந்து கை மாறிக்கொண்டே இருந்தால் எதிரணித் தடுப்பு கலையும். கலைந்த ஒரு நொடியில் கரி வெளியே போய் நிற்பார். அவ்வளவுதான் சூத்திரம். ஜாக்சனிடமிருந்து கொஞ்சம், பாப்போவிச்சிடமிருந்து கொஞ்சம் எடுத்துக் கலந்தது.

கஷ்டமான வேலை வேறொன்று. ஆண்ட்ரே இகுவடாலா, என்பிஏவில் அதுவரை ஆடிய எல்லா லீக் ஆட்டங்களிலும் தொடக்க வீரராகவே இறங்கியவர். அவரிடம் போய் 'நீங்க பெஞ்சிலிருந்து வாங்க' என்று சொல்ல வேண்டும். வாழ்க்கை முழுக்க பெஞ்சில் இருந்தவர் சொன்னதாலோ என்னவோ, இகுவடாலா ஒத்துக்கொண்டார்.

முதல் சீசனிலேயே 67 வெற்றி. இறுதிச்சுற்றில் லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லாந்து 2-1 என்று முன்னிலை பெற்றபோது, நிக் யூரன் என்ற 28 வயது உதவியாளர் ஒரு யோசனை சொன்னார். உயரமான ஆண்ட்ரூ போகட்டை உட்கார வைத்துவிட்டு இகுவடாலாவை இறக்கலாம் என்று. ஸ்டீவ் செய்தார். அடுத்த மூன்று ஆட்டமும் வாரியர்ஸுக்கு. இறுதிச்சுற்றின் சிறந்த வீரர்? அதே இகுவடாலா. யோசனை யாருடையது என்பதையும் ஸ்டீவ் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

வாரியர்ஸுக்கு அது 40 வருஷம் கழித்துக் கிடைத்த பட்டம்.

73 வெற்றி, ஒரு தோல்வி

அந்தக் கோடையில் முதுகில் அறுவை சிகிச்சை. அதில் தண்டுவடத் திரவம் கசிந்து, தாங்க முடியாத தலைவலி. இரண்டாவது சிகிச்சையும் நடந்தது. 2015-16 சீசனின் முதல் 43 ஆட்டங்களுக்கு அவரால் வர முடியவில்லை. உதவிக் கோச் லூக் வால்டன் அணியை நடத்த, அதில் 39 வெற்றி. என்பிஏ விதிப்படி அந்த 39-ம் ஸ்டீவின் கணக்கில்தான் எழுதப்பட்டது. வால்டனுக்குப் பாவம், பூஜ்ஜியம்.

சீசன் முடிவில் 73 வெற்றி, 9 தோல்வி. உடைந்தது 1995-96 புல்ஸின் 72-10 சாதனை. ஆமாம், ஸ்டீவே ஆடிய அணி. ஆனால் இறுதிச்சுற்றில் 3-1 என்று முன்னிலையில் இருந்து கோட்டை விட்டார்கள்.

பிறகு கெவின் டுரன்ட் வந்து சேர்ந்தார். 2017, 2018 பட்டங்கள் வந்தன. இத்தனை நட்சத்திரங்கள் இருந்தால் யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாமே என்ற விமர்சனமும் கூடவே வந்தது. ஓரளவு நியாயமான கேள்விதான். 2018 பிப்ரவரியில் ஃபீனிக்ஸுடனான ஆட்டத்தில், டைம்-அவுட்டில் திட்டம் சொல்லும் பலகையை வீரர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார் ஸ்டீவ். 46 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள்!

கேள்விக்கு ஒரு பதில் 2022-ல் கிடைத்தது. டுரன்ட் போய், காயங்களால் அணி சிதைந்து, 2019-20 சீசனில் 15 வெற்றி, 50 தோல்வி என்று தரைமட்டமான பிறகு, பாஸ்டனை வீழ்த்தி நான்காவது பட்டம்.

அந்த மகிழ்ச்சி சில மாதம்கூட நிற்கவில்லை. 2022 அக்டோபரில் பயிற்சியின்போது டிரேமண்ட் கிரீன், சக வீரர் ஜோர்டான் பூலைக் குத்திய வீடியோ கசிந்தது. தான் கோச் ஆனதிலிருந்து சந்தித்த பெரிய நெருக்கடி இது என்றார் ஸ்டீவ். குத்து வாங்கிய அனுபவம் உள்ள கோச்தான். ஆனால் 1995-ல் நடந்த மாதிரி இது ஒட்டவில்லை. அடுத்த கோடையில் பூல் வேறு அணிக்கு அனுப்பப்பட்டார்.

மேஜையைத் தட்டிய நாள்

2022 மே 24. டெக்சாஸ் மாநிலம் உவால்டேவில் ஒரு தொடக்கப்பள்ளியில் துப்பாக்கிச்சூடு. 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் உயிரிழந்தனர். அதே மாநிலத்தின் டல்லாஸில் அன்று வாரியர்ஸுக்கு முக்கியமான ஆட்டம். வழக்கமான செய்தியாளர் சந்திப்பில், கூடைப்பந்து பற்றிப் பேசப்போவதில்லை என்று சொல்லிவிட்டார் ஸ்டீவ். துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்கும் மசோதாவை ஏன் முடக்கி வைத்திருக்கிறீர்கள் என்று செனட்டர்களைக் கேட்டு, மேஜையைத் தட்டிவிட்டு எழுந்து போனார். அந்த வீடியோ உலகம் முழுக்கப் பரவியது.

எல்லா விஷயத்திலும் அவர் இப்படிப் பேசியதில்லை. 2019-ல் ஹாங்காங் போராட்ட விவகாரத்தில் சீனா என்பிஏ மீது கோபமாக இருந்தபோது, கேள்விக்கு நழுவினார். டிரம்ப் அதை வைத்துக் கிண்டல் செய்தார். அப்படி நழுவியதற்கு வருந்துவதாகப் பின்னாளில் ஸ்டீவே சொன்னார்.

பாரிஸில் என்ன நடந்தது?

2023 உலகக் கோப்பையில் ஸ்டீவின் அமெரிக்க அணிக்கு நான்காவது இடம்தான். அதனால் பாரிஸுக்குப் போகும்போது நெருக்கடி அதிகம். லெப்ரான், கரி, டுரன்ட் என்று எல்லோரும் ஒரே அணியில். தோற்றால் சாக்கே சொல்ல முடியாது.

செர்பியாவுடனான அரையிறுதியில் ஒரு கட்டத்தில் 17 புள்ளி பின்தங்கினார்கள். என்பிஏ சாம்பியனான ஜேசன் டேட்டமை அந்த ஆட்டத்தில் ஒரு நிமிடம்கூட இறக்காததற்கு ஸ்டீவ் மீது விமர்சனம் குவிந்தது. எப்படியோ 95-91 என்று தப்பித்தார்கள். பிரான்ஸுடனான இறுதி ஆட்டத்தில், கடைசி மூன்று நிமிடத்துக்குள் கரி 4 த்ரீ-பாயிண்டர் போட்டு 98-87 என்று முடித்து வைத்தார்.

1986-ல் ஸ்பெயினில் வீரராகத் தங்கம், 38 வருஷம் கழித்து கோச்சாக ஒலிம்பிக் தங்கம். ஆனால் மேடையில் பதக்கம் வாங்கியது 12 வீரர்கள் மட்டும். ஒலிம்பிக்கில் பயிற்சியாளர்களுக்குப் பதக்கம் தரும் வழக்கம் கிடையாது.